ப்ளேன் என்னைக்கு மருமகனே?

வா மருமகனே, திண்ணையில உக்காரு. போனை நீட்டி நீட்டிக் காட்டுதியே, என்ன அது? செயின்ட் ஹெலினா தீவுல இருந்து அசென்ஷன் தீவுக்கு 1,300 கிலோமீட்டராம், ப்ளேன்ல ரெண்டு மணி நேரமாம். அடேயப்பா! நம்ம மினி பஸ் டவுனுக்குப் போய்ச்சேருத நேரந்தான். காலையில நீச்சத்தண்ணியைக் குடிச்சிட்டு ஏறுனா மத்தியானச் சோத்துக்கு அங்க எறங்கிரலாம்னு கணக்குப் போட்டுட்டே. அப்படியே உங்க அம்மை புத்தி.

அது சரி, ப்ளேன் என்னைக்குன்னு போன் சொல்லிச்சா?

சொல்லாதுலே. ரெண்டு ஊருக்கும் நடுவுல நூலைப் பிடிச்சு அளந்து, வேகத்தால வகுத்துச் சொல்லுது, அம்புட்டுத்தான். அந்த ரெண்டு தீவுக்கும் நடுவுல மாசத்துக்கு ஒரு தடவைதான் ப்ளேன். முந்தாநாள் போயிருச்சுன்னா உன் பயணம் ரெண்டு மணி நேரமில்ல, இருபத்தெட்டு நாளும் ரெண்டு மணி நேரமும்!

சிரிக்காத. செயின்ட் ஹெலினாக்காரங்க பாவம், நெறையப் பேரு பிழைப்புக்கு அசென்ஷனுக்குப் போறாங்க. பெண்டாட்டி பிள்ளை இக்கரையில, சம்பளம் அக்கரையில. அவங்க வீட்டுச் சுவர்ல கடியாரத்தைப் பாப்பாங்களா, காலண்டரைப் பாப்பாங்களா?

அசென்ஷன் ஓடுதளத்தை 1942ல சண்டைக்காக அமெரிக்காக்காரன் போட்டான். பேரு வைடவேக். முழு முழிப்புன்னு அர்த்தம். ராப்பகலாக் கத்தி ஊரைத் தூங்கவிடாத ஆலாப் பறவைக்கு அந்த ஊர்ல வச்ச பேரு அது. பத்து மாசத்துக்கு ஒருக்க முட்டையிட வந்திரும், பாத்துக்கோ. அதுக்கு டிக்கெட்டும் வேண்டாம், போனும் வேண்டாம்.

செயின்ட் ஹெலினா கதை இன்னும் ருசி. முழுக்க மலையும் பள்ளமுமான ஊரு. ஒரு பள்ளத்தாக்கையே கல்லும் மண்ணும் கொட்டித் தூத்து ஓடுதளம் போட்டாங்க. 28 கோடியே 50 லட்சம் பவுண்டு! 2016ல சோதிச்சுப் பாத்தா, செங்குத்துப் பாறையில மோதுத காத்து சுழிச்சு அடிக்கி, ப்ளேன் எறங்கப் பாடாப்படுது. வீட்டைக் கட்டிட்டு நிலைக்கதவு உசரம் பாத்த கதை. அப்புறம் சின்ன ப்ளேனாத் தேடி, 2017 அக்டோபர் 14லதான் ஜோகன்னஸ்பர்க்ல இருந்து முதல் சர்வீஸ் வந்துச்சு. அதுவரைக்கும் கேப் டவுன்ல இருந்து கப்பல்ல அஞ்சு நாளு.

ஒண்ணுக்கொண்ணு கிட்ட இருக்குத தீவு வேணும்னா ஸ்காட்லாந்துக்கு வடக்க ஆர்க்னிக்குப் போ. அங்க வெஸ்ட்ரே தீவுக்கும் பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கும் நடுவுல 2.7 கிலோமீட்டர். 1967ல இருந்து ப்ளேன் ஓடுது. அட்டவணையில ரெண்டே நிமிஷம். காத்து தோதா இருந்த ஒரு நாள் 53 விநாடியிலயே போயிருக்கு. எட்டுப் பேர் உக்காருத குட்டி ப்ளேன். டீச்சரு, டாக்டரு எல்லாம் அதுலதான் வேலைக்குப் போவாங்க. நீ பெல்ட்டைத் தேடி மாட்டுததுக்குள்ள எறங்கச் சொல்லிருவான்.

இல்ல, செயின்ட் ஹெலினாதான்னு ஒத்தைக் காலுல நிக்கியா? சரி, போ. நெப்போலியனும் 1815ல அங்கதான் போனாரு. 1821ல செத்தாரு. உடம்பு பிரான்சுக்குத் திரும்பினது 1840ல.

டிக்கெட் போடும்போது திரும்பி வார தேதியையும் கேட்டுக்கோ மருமகனே.