கமிட்டி வளருது தம்பி, பிள்ளைங்கதான் வரல

வா தம்பி, உக்காரு. உன் ஞாயிறு பள்ளி வளர்ச்சிக் கமிட்டிய நெனச்சா பூரிப்பா இருக்கு. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், போதாததுக்கு ரெண்டு கணக்காய்வாளர். பின்கட்டு ரூம்ல இருக்கிற பிள்ளைங்களும் ஏறக்குறைய அத்தன பேருதான். வளர்ச்சி இல்லன்னு எவன் சொன்னது?

"பிள்ளைங்க வரமாட்டேங்குதுங்க தாத்தா"ன்னு சலிச்சுக்கிற. தானா வரும்னு உனக்கு யாருப்பா சொன்னா? சுங்கை சிப்புட் பக்கம் நான் பால் வெட்டின காலத்துல ஒரு பிள்ளையும் தானா வந்ததில்ல. கிராணி வீட்டம்மா காலங்காத்தால லயம் லயமா நடக்கும். தலை சீவாதது, மூக்கொழுகுறது, பசியாறாதது எல்லாத்தையும் கையப் பிடிச்சு இழுத்துட்டு வரும். பொறவு தோட்டம் கைமாறிச்சு, கித்தா மரத்த வெட்டிச் செம்பனை வச்சாங்க, சனங்க சிம்மோர், புந்தோங், பத்து காஜான்னு தாமான் தாமானா சிதறிட்டாங்க. 1957ல நாட்டுல 888 தமிழ்ப்பள்ளி, இப்ப 500 சொச்சம். பள்ளிக்கூடத்துக்கே அந்தக் கதின்னா உன் பின்கட்டு ரூம் எந்த மூலைக்கு? லயம் போனதுகூடப் பரவால்ல, அந்தம்மா நடந்த நடையும் கூடவே போச்சு. நீ என்னடான்னா வாட்ஸ்அப்ல ரோஜாப்பூ படம் போட்டு "அனைவரும் வருக"ன்னு அனுப்புற. ரோஜாப்பூ பாத்து எந்தப் பிள்ளடா எழுந்திருச்சுக் குளிக்கும்?

அமெரிக்காவுல ஆர்தர் ஃப்ளேக்னு ஒரு வியாபாரி, நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஞாயிறு பள்ளிய வளக்க அஞ்சு வேல சொல்லிட்டுப் போயிட்டாரு. யாரு எங்க இருக்காங்கன்னு பாரு, வகுப்பக் கூட்டு, எடத்த ஒதுக்கு, ஆசிரியரப் பழக்கு, அப்பறம் போய்க் கூப்பிடு. நாலு வரைக்கும் நம்ம கமிட்டி மினிட்ஸ்ல ஏத்தியாச்சு. அஞ்சாவதுக்குத்தான் கால் வலிக்குமே!

டீச்சரம்மா சங்கதிக்கு வருவோம். அஞ்சு வயசும் பதினஞ்சு வயசும் ஒரே ரூம்ல, வருஷக்கணக்கா ஒரே ஆளு. ரப்பர் மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவோம். ஆசப்பட்டுத் தெனமும் கத்தி போட்டா பட்ட வறண்டு பாலே நின்னுரும். மரத்துக்குக் குடுத்த லீவ அந்தம்மாவுக்குக் குடுத்தியா? கேட்டா, "முன்ன மாதிரி உற்சாகம் இல்லீங்க"ன்னு அவங்க மேலயே புகார்!

அந்த ஃபோர்ம் டூ பையன் இன்னும் கிறிஸ்துமஸ் நாடகத்துல ஆட்டுக்குட்டி. மீச மொளச்ச ஆட்ட பெத்லகேம்லயே பாத்திருக்க மாட்டாங்க. நாலு பொடிசுங்கள அவன் பொறுப்புல விடு. அதுங்க முன்னாடி மானம் போகக்கூடாதுன்னே வேத வசனத்தப் படிச்சுட்டு வந்து நிப்பான்.

ஞாயித்துக்கிழமையும் பிள்ளைங்கள இழுத்துக்கிறான்னு ட்யூஷன்காரனுக்குச் சாபம் விடாத. 1780ல இங்கிலாந்துல குளோஸ்டர் ஊர்ல ராபர்ட் ரெய்க்ஸ்ங்கிற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளிய ஆரம்பிச்சதே ட்யூஷன் மாதிரிதான். வாரம் பூரா வேலைக்குப் போன ஏழப் பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் ஓய்வு. அன்னிக்கு உக்கார வச்சு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்குடுத்தாங்க. உன் பிள்ளைங்கள்ல தேசியப் பள்ளிக்குப் போறது எத்தன? அங்க தமிழ் வகுப்பு வேணும்னா 15 பிள்ளைங்களோட பெத்தவங்க சேந்து கேக்கணும். கேக்கிறவங்க எத்தன பேரு? தமிழ் வேதாகமத்தத் தலகீழாப் பிடிக்கிற பிள்ளகிட்டப் போய் 23ஆம் சங்கீதத்த ஒப்பிக்கச் சொல்ற. மொதல் அரை மணி நேரம் "அ, ஆ" நடத்து. ஓசியில தமிழ் சொல்லித் தர்றாங்கன்னு தெரிஞ்சா அப்பன்காரனே மோட்டார்ல கொண்டாந்து எறக்கிட்டுப் போவான். படிச்ச பிள்ளைக்கு ஒரு பொட்டலம் புந்தோங் கச்சாங் பூத்தே குடு. பொருளாளர் மொறச்சா நான் காசு தர்றேன்.

சபையில வேன் இல்லங்காத. கமிட்டிக்காரங்க எல்லார்கிட்டயும் கார் இருக்கு, ஆளுக்கு ஒரு தாமான் பிரிச்சுக்கலாம். அடுத்த கூட்டத்த ரத்து பண்ணிரு. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா, புந்தோங்லேருந்து வீடு வீடா ஆரம்பிப்போம். மினிட்ஸ் புக்கு வேணாம், கார் சாவிய மட்டும் எடுத்துட்டு வா.