மறைந்திருக்கும் மைசூர்பா

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற குடும்பங்களில் ஒரு ரகசியம் உண்டு. 'விளையாட்டாய்க் கணக்கு', 'கொண்டாட்டமாய் அறிவியல்' என்று நாங்கள் தேடித் தேடிச் சேர்க்கிற சாமான்கள் பிள்ளைகளுக்காக அல்ல. கணக்கு வாத்தியாரிடம் குட்டு வாங்கி வளர்ந்த அப்பாமார்கள் முப்பது வருஷம் கழித்துத் தங்களுக்கே வழங்கிக்கொள்ளும் நஷ்ட ஈடு அது. பிள்ளைகள் பெருந்தன்மையோடு உடன் இருக்கிறார்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. கட்டம் போட்ட நோட்டில் வரிசையாகக் கூட்டல் கணக்குப் போட்டு, தானே சரி போட்டு, கீழே 'வெரி குட்' என்று தானே எழுதிக்கொள்வதுதான் அவளுக்கு ஆனந்தம். நான் எதையாவது ஏந்திக்கொண்டு வந்தால், "இன்னிக்கு விளையாட்டாப்பா, இல்ல நிஜமாப் படிக்கலாமா?" என்பாள். விளையாட்டு என்று சொன்னால் முகம் சுண்டிவிடும்.

கல்யாண வீடுகளில் மாமாக்கள் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். "அப்பறம் பத்தாவது எப்படி மாப்ள?" 14 வயதானால் என்.ஐ.ஓ.எஸ். பரீட்சை எழுதலாம், மத்திய அரசு போர்டுதான் என்று விளக்குவேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஃபீஸுக்குக் கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று தோளைத் தட்டுவார்கள்.

முதலில் ஒரு அறிவியல் பெட்டி வாங்கினேன். உள்ளே குட்டிப் பொட்டலத்தில் சோடா உப்பு, குட்டிச் சீசாவில் வினிகர், 'எரிமலை' என்று எழுதிய பிளாஸ்டிக் கூம்பு. பொங்கியது. கார்பன் டை ஆக்சைடு வந்தது. ஆனால் அந்த விலைக்கு ஆப்ப சோடா வாங்கியிருந்தால் எங்கள் தெரு முழுக்க ஆப்பம் சாப்பிட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அரவிந்த் குப்தாவிடம் சரணடைந்தேன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோ கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர், 1978இல் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் பக்கம் கிராமப் பள்ளி அறிவியல் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் வால்டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவருடைய செய்முறைகளும் புத்தகங்களும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. எனக்கு வேறென்ன வேண்டும்?

சைக்கிள் கடைக்குப் போனேன். "ரெண்டு மீட்டர் வால்டியூப் குடுங்க."

"சைக்கிள் எங்கீங்க?"

"சைக்கிள் இல்லீங்க. முக்கோணம் பண்ணணும்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கும்போது குரலில் ஒரு பரிவு இருந்தது.

நாலு குச்சியில் செய்த சதுரத்தை லேசாகத் தள்ளினால் சாய்ந்து சரிகிறது. மூன்று குச்சி முக்கோணமோ என்ன தள்ளினாலும் அசைய மாட்டேன் என்கிறது. பாலமும் மின்கோபுரமும் ஏன் முக்கோணம் முக்கோணமாக நிற்கின்றன என்பது எனக்கு அன்றுதான் விரல் நுனியில் புரிந்தது. "சதுரத்துல மூலைக்கு மூலை குறுக்கே ஒரு குச்சி வச்சா நின்னுடும்" என்று மகள் நோட்டிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள். சாயங்காலம் விளக்கேற்றத் தீப்பெட்டியைத் திறந்த மனைவிக்குக் கிடைத்ததெல்லாம் மருந்து சுரண்டிய மொட்டைக் குச்சிகள்.

அறிவியல் பக்கம் போனாலும் இதே கதிதான். மஞ்சள்பொடியைக் குழைத்துக் காகிதத்தில் பூசிக் காய வைத்து, சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டேன். குபீரென்று சிவந்தது. "பார், சோப்பில் காரம் இருக்கு. எலுமிச்சை விட்டா மறுபடி மஞ்சள்!" என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார். "சாம்பார் பட்ட வேட்டிக்குச் சோப்புப் போட்டா செவக்கும்னு எனக்கு வாக்கப்பட்ட நாள்லேர்ந்து தெரியும். வெயில்ல போடு, கறையே போயிரும்." அதுவும் சரிதான். வெயில் பட்டால் மஞ்சளின் நிறம் வெளுத்துவிடும். எங்கள் வீட்டுத் துணிக்கொடியே ஒரு வேதியியல் கூடம் என்பது எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அம்மா போடுகிற மார்கழிக் கோலத்தில் எனக்கு ஒரு புதையலே கிடைத்தது. 15 புள்ளி, இடைப்புள்ளி, 8இல் நிறுத்த வேண்டும். நடுவில் 15, இருபுறமும் 14, 13 என்று குறைந்து 8 வரை. எல்லாவற்றையும் கூட்டினால் 169. எட்டின் கனம் 512. ஏழின் கனம் 343. கழித்தால் அதே 169! வாசலில் குத்துக்காலிட்டு இதை நான் விளக்க, "எறும்பு மாவைத் தின்னுட்டுப் போகுது, கொஞ்சம் நகரு" என்றார் அம்மா.

கோலத்துக்கும் கனத்துக்கும் என்ன சம்பந்தம்? சின்னதாகக் காட்டுகிறேன் என்று அரைக் கிலோ மைசூர்பா வாங்கி வந்தேன். துண்டுகளைக் கனசதுரமாகச் சீவி, கீழே நாலு, மேலே நாலு என்று எட்டை அடுக்கினேன். ஒரு மூலையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் ஏழுதான் கண்ணுக்குத் தெரியும். பின்பக்கம் அடியில் ஒன்று மறைந்திருக்கும். அந்த ஏழையும் புள்ளியாக வைத்தால் நடுவில் 3, மேலே 2, கீழே 2. மூன்று புள்ளிக் கோலம்! பெரிய கோலமும் இப்படித்தான்: எட்டடுக்குக் கனத்தில் கண்ணுக்குத் தெரிகிற துண்டுகள் 169.

மகள் முதன்முறையாக நோட்டை மூடினாள். குனிந்து பார்த்தாள். சுற்றி வந்து பின்பக்கம் கைவிட்டு, மறைந்திருந்த அந்த எட்டாவது துண்டை உருவி வாயில் போட்டுக்கொண்டாள். நெய்ப்பிசுக்கில் மேலே இருந்த துண்டு விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி முன்பக்கம் வந்து பார்த்து, "இப்பவும் ஏழுதாம்பா தெரியுது" என்றாள்.

எட்டில் ஒன்று போனால் ஏழு. இரண்டின் கனத்திலிருந்து ஒன்றின் கனத்தைக் கழித்து, தின்றும் காட்டிவிட்டாள். நான் வாயடைத்து நிற்க, அவள் அடுத்த பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மூணு அடுக்கு வைத்தால் 27 துண்டு. தெரிவது 19. மறைவது 8. நாலு அடுக்கு வைத்தால் 64. தெரிவது 37. மறைவது 27. "அப்பா, நாலடுக்கே வச்சிரலாம். மறையறதெல்லாம் எனக்கு."

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற அம்மா அதுவரை பேசாமல் ஊஞ்சலில் இருந்தார்.

"அந்த மறையறதுல எனக்கும் ஒண்ணு குடு கண்ணு. கண்ணுக்குத் தெரியாதது டாக்டருக்கும் தெரியாது."