நூறு நாடாவும் நாலு தோழியரும்

யாங்கூனின் போஜோ அங் சான் சந்தைக்கு, அதாவது 1926-இல் கட்டிய பழைய ஸ்காட் மார்க்கெட்டுக்கு, விழாப் பட்டு எடுக்க ஏன் நாலு தோழியரைக் கூட்டிப் போக வேண்டும்? யோசனை சொல்லத்தான் என்பார்கள். அப்படியானால் முதல் கடையில் முதலில் பிரித்த துணியையே, பத்துக் கடை ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து வாங்குவானேன்? தோழியர் வருவது பழியில் பங்கு போட. வீட்டுக் கண்ணாடியில் நிறம் மங்கினால், "நீதானேடி சொன்னே!"

ஆள் கூடினால் ரசனை கெடும் என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் அமரபுரத்து லுந்தயா பட்டின் பெயருக்கே நூறு நாடா என்றுதான் பொருள். அதன் அலைக்கோட்டைத் தறியில் அடுத்தடுத்து உட்கார்ந்து இருவர் நெய்கிறார்கள். நெய்ய நூறு நாடா என்றால், வாங்க நாலு வாய் அதிகமா? திங்கட்கிழமை சந்தைக்கு விடுமுறை; பணப்பைக்கும்தான்.