பட்டுக்கு ஒத்துவந்தது பெண்ணுக்கு வராதா?

ஒரு வாசகி, பெரிய காஞ்சிபுரம்

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் சினிமாவில் கேமராவுமன் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெண்களுக்கு அந்தத் தொழில் ஒத்துவருமா?

பதில்: உங்கள் ஊர்ப் பட்டு எத்தனையோ வருஷமாக கேமராவுக்கு முன்னால் நிற்கிறது. அதைப் பார்த்து யாரும் ‘ஒத்துவருமா’ என்று கேட்டதில்லையே!

கேமராவுக்குப் பின்னால் பெண்கள் போனதும் புதிதல்ல. 1931-ல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி, 1936-ல் ‘மிஸ் கமலா’வை எழுதி, தயாரித்து, இயக்கியும்விட்டார். 1985-ல் ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பி.ஆர். விஜயலட்சுமி. இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள்தான், ஆனாலும் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்துதான் தொழிலைக் கற்றார். அப்பா பெயரைச் சொன்னால் ஃபோகஸ் தானாக விழுமா என்ன?

கூத்து ஒன்று கேளுங்கள். மும்பை சினிமாவில் பெண்கள் தலை வாரிவிடலாம், மேக்கப் போடக் கூடாது என்று சங்கமே நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம்தான் அந்தப் பூட்டை உடைத்தது. உங்கள் ஊரில் மட்டும் என்ன? நூல் இழைக்கும் பெண் வீட்டுக்கு வீடு உண்டு. ‘நெசவாளி’ என்றால் தறியில் உட்கார்ந்த ஆணின் முகம்தானே நினைவுக்கு வருகிறது?

தொல்லையே இல்லாத துறை என்று பூசி மெழுக மாட்டேன். மலையாள சினிமாவில் பெண்கள் படும் தொல்லைகளைப் பற்றி 2024-ல் வெளியான கேரளத்து ஹேமா கமிட்டி அறிக்கையை மகளோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். படித்த பிறகும் ஒற்றைக்கால் இறங்கவில்லையென்றால், சென்னை தரமணியில் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவுப் படிப்பு இருக்கிறது.