முனை எங்கே?

முந்தாநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நாளைக்கு டக்ட் டேப்பில் பர்ஸ் செய்து கொண்டுவர வேண்டுமாம். கீழே ஒரு வரி: ‘குழந்தைகளே செய்ய வேண்டும்.’ அதைப் படித்ததும் அத்தனை அப்பாக்களும் செருப்பை மாட்டியிருப்பார்கள்.

இந்த மாதிரி வீட்டுப்பாடங்களைப் பற்றி என்னிடம் ஒரு முக்கியமான கருத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த டேப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த கடைக்காரர் முதலில் பிரவுன் டேப்பைக் காட்டினார். அப்புறம் எலக்ட்ரீஷியன் வாங்கும் கறுப்பு டேப். பர்ஸ் செய்ய என்றேன். மேல்தட்டிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிவிட்டு, “இந்த விலைக்கு நல்ல பர்ஸே வருமே சார்” என்றார்.

டக்ட் டேப் மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளே துணி, முனை தடிப்பாகத் தெரியும், கையாலேயே குறுக்கே கிழிக்கலாம். ஆனால் உள்ளே வைக்கும் அட்டையை ஒட்ட செலோ டேப் வேண்டுமே. வீட்டில் இருந்தது. முனைதான் இல்லை.

டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துச் சுற்றினேன். கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே ஒரு முழுச் சுற்று. ஏதோ தட்டுப்பட்ட மாதிரி இருந்தது, பழைய கீறல். எதிர்த்திசையில் ஒரு சுற்று. “யாரு கடைசியா எடுத்தது? முனையை மடிச்சு வைக்கணும்னு தெரியாதா?” என்று வீட்டைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டேன். வீடு பதில் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, “குடுடா இப்படி” என்று வாங்கிச் சுரண்டினாள். மனைவி ஊக்கு கொண்டுவந்தாள். ஒருவழியாக முனை கிளம்பியது, பாதி அகலத்துக்கு மட்டும். இழுக்க இழுக்க நூல் மாதிரி மெலிந்து, சரிவாகப் போய் அறுந்தது. மறுபடி டியூப்லைட். 2004-இல் மான்செஸ்டரில் கைம், நொவோசெலொவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கிராஃபைட்டின் மேல் இதே டேப்பை ஒட்டி ஒட்டி உரித்துத்தான் கிராஃபீனைப் பிரித்தார்கள். 2010-இல் நோபல் வாங்கினார்கள். எல்லாம் சரி, அவர்கள் ஆய்வுக்கூடத்தில் முனையைத் தேடியது யார்? அந்தப் புண்ணியவானுக்கு என்ன கொடுத்தார்கள்?

சொன்னால் நம்பமாட்டீர்கள், டக்ட் டேப் பிறந்ததே முனைத் தகராறில்தான். அமெரிக்காவில், இலினாய் மாநில வெடிமருந்து ஆலை ஒன்றில் தோட்டாப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வெஸ்டா ஸ்டவுட் என்ற அம்மாளுக்குக் கடற்படையில் பிள்ளைகள். பெட்டியைத் திறக்கப் பிடித்து இழுக்கும் காகித வால் கையோடு வந்துவிடுகிறது, சண்டை நடுவே பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கவலை. துணி டேப் போடுங்கள் என்று 1943-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே படம் வரைந்து கடிதம் எழுதிவிட்டார். வேலை நடந்தது. நான் யாருக்கு எழுதுவது? வகுப்புக் குழுவில் எழுதினால் அத்தனை பேரும் கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் குழந்தை தூங்கிவிட்டாள். பத்தரை மணிக்கு ‘குழந்தைகளே’ பர்ஸ் செய்தோம். மனைவி மடித்தாள், நான் வெட்டினேன். கத்தரிக்கோலில் பிசின் அப்பி, இரண்டு அலகும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன. ஒரு துண்டு என் முழங்கை முடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்தபோது நான் போட்ட சத்தத்துக்குக்கூடக் குழந்தை எழுந்திருக்கவில்லை. 1970-இல் அப்போலோ 13 விண்கலத்தில் சதுர டப்பாவை வட்ட ஓட்டையில் பொருத்த இந்த டக்ட் டேப்பும் பிளாஸ்டிக் பையும் அட்டையும்தான் கைகொடுத்தன. அவர்களுக்கு உயிர் பிழைத்தால் போதும். இங்கே நேர்த்திக்குத் தனி மார்க்.

மறுநாள் சாயங்காலம் குழுவில் பரிசு வாங்கிய பர்ஸின் படத்தைப் போட்டார்கள். ஜிப் வைத்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, டேப்பில் ஜிப் வைத்துத் தைத்திருக்கிறது. எந்தத் தையல்காரர் என்று மட்டும் அந்த அப்பா சொன்னால் போதும். அடுத்த வாரம் தெர்மோகோலில் மேட்டூர் அணையாம்.