அண்ணாந்து பார்ப்பவர்

கல்யாண மண்டபத்தில் எல்லார் கண்ணும் மணமேடையில் இருக்கும்போது, ஒருவர் மட்டும் கூரையைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். "பல்லியா சார்?" என்று கேட்டபடி பக்கத்து நாற்காலிக்காரர் தலையைத் தடவிக்கொண்டு நகர்ந்து உட்காருவார்.

பல்லி இல்லை. அவர் ஸ்பிரிங்க்ளர் எண்ணுகிறார்.

தீயணைப்புக் குழாய்களுக்கு டிராயிங் போட்டே தலை நரைத்த இனம் இது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 13 விதிநூல்தான் இவருக்குப் பஞ்சாங்கம். ஜனங்கள் உட்காரும் கூடம் என்றால் ஆபத்து குறைவு. வழக்கமான ஸ்பிரிங்க்ளர் ஹெட் ஒன்றுக்கு 225 சதுர அடி வரை விடலாம். சமையற்கட்டும் துணிக்கடையும் அடுத்த படி, அங்கே 130தான். பந்தியில் தாராளமாகச் சாப்பிடுகிறவர், சமையற்கட்டு வாசலைத் தாண்டியதும் கறாராகிவிடுவார்.

இவருடைய தீராத வழக்கு, 'பதினைஞ்சு அடிக்கு ஒண்ணு' என்னும் காண்ட்ராக்டர்களோடு. இரண்டு வகை இடத்திலும் ஹெட்டுக்கு ஹெட் 15 அடி போகலாம் என்பது நிஜம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு துணிக்கடையிலும் நீளவாக்கில் 15, அகலவாக்கில் 15 என்று வைத்துவிட்டால், 130 இருக்க வேண்டிய இடத்தில் 225 வந்து நிற்கும். ஒரு பக்கம் 15 என்றால் மறுபக்கம் 8 அடி 8 அங்குலத்தோடு சரி. சுவரோரத்தில் இன்னும் வம்பு: ஹெட்டிலிருந்து சுவருக்குள்ள தூரத்தை இரட்டித்து, அடுத்த ஹெட்டின் தூரத்தோடு ஒப்பிட்டு, பெரியதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் பெருக்கலைக் காகிதமில்லாமல் போடுவதில்தான் அவருக்குக் கர்வம்.

சரி, நெருக்கி வைத்துத் தொலைக்கலாமே என்றால் அதற்கும் சம்மதிக்க மாட்டார். ஆறு அடிக்குள் இரண்டு ஹெட் இருந்தால், முதலில் திறந்ததன் தண்ணீர் பட்டு மற்றது குளிர்ந்துபோகும். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. ஒவ்வொரு ஹெட்டும் தன் சூட்டில் தானே திறப்பது. அதிலுள்ள சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும். கதாநாயகன் லைட்டரை நீட்டியதும் மாடி முழுக்க மழை கொட்டும் சினிமாக் காட்சியில், எவ்வளவு சோகமானாலும், இவர் சிரித்துவிடுவார்.

சேலைக் கடையில் மனைவி, "இந்த அரக்கு எனக்கு எடுக்குமாங்க?" என்பார். "பதினெட்டு அங்குலம் வராது," என்பார் இவர். கூரையை முட்ட அடுக்கிய பெட்டிகளுக்கும் ஹெட்டின் தகட்டுக்கும் நடுவே அவ்வளவு வெற்றிடமாவது வேண்டும். விற்பனைப் பெண் பார்டரை அளக்க டேப்பைத் தேடுவாள்.

இவருக்கு வாய்த்த எதிரி, இன்டீரியர் டிசைனர். மேனேஜருக்கு ஒரு கேபின் என்று நடுவில் தடுப்பு எழுப்பி, ஒரே ஹெட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிவிடுவார். மேனேஜருக்கு ஏசி உண்டு, சோபா உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது. போதாக்குறைக்குக் கூரையோடு சேர்த்து ஹெட்டுக்கும் பெயின்ட். அதைச் சுரண்டித் துடைத்து மீட்க முடியாது. கழற்றிப் புதிது மாட்டத்தான் வேண்டும்.