மச்சினன் பேரில் மண்டபம்

உத்திரமேரூர்க்காரர் யாரிடமும் ஊர்ப் பெருமையைக் கேட்டுவிடாதீர்கள். குடவோலையில் ஆரம்பித்தால் பஸ் வரும்வரை விடமாட்டார். அவர் சொல்ல மறப்பது பக்கத்துத் திருமுக்கூடலை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடத்தில் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் வீரராசேந்திர சோழன் 1068 வாக்கில் ஓர் ஆஸ்பத்திரியின் பட்ஜெட்டையே வெட்டிவைத்திருக்கிறான்.

பெயர் வீரசோழன் ஆதுலசாலை. படுக்கை 15. வைத்தியர் ஒருவர், கத்தி வைக்க ஒருவர், மூலிகைக்கும் விறகுக்கும் இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீருக்கு ஓர் ஆள். நோயாளிக்குத் தினம் நாழி அரிசி, ராத்திரி எரிய விளக்கு. மருந்து இருப்பில் பழைய நெய்கூட உண்டு. செலவெல்லாம் வயலைக்காவூர் என்ற ஊரின் வரியில். வரி கட்டிய வயலைக்காவூர்க்காரனுக்குப் படுக்கை உண்டா? மூச்! அது கோயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கோயில் ஊழியர்களுக்கும். பொற்காலத்திலும் ஸ்டாஃப் கோட்டா.

கடன் வாங்கிக் கம்பெனிகளை வளைத்துப்போடும் ஒரு பிரைவேட் ஈக்விட்டிக்காரர் இங்கே வந்து இறங்கி, வைத்தியரான பட்டரைப் பிடித்திருந்தால்?

"பட்டரே, 15 படுக்கைக்கு ரெண்டு பொம்பளையா? ஒருத்தி போதும்."

"ராத்திரியில நாலு பேர் சேர்ந்து கத்தினா?"

"தூங்க மருந்து கொடும். அப்புறம், இந்த மண்டபத்தை என் மச்சினன் பேருக்கு வித்துடறேன். ஆதுலசாலை அவனுக்கு மாசாமாசம் வாடகை கட்டட்டும். இதை வாங்க நான் பட்ட கடனும் ஆதுலசாலை தலையிலதான்."

"கட்ட முடியாமப் போனா?"

"அதுக்குள்ள நான் கடாரம் போயிருப்பேன்."

பட்டர் பிழைத்தார். அமெரிக்கக் கிழவர்கள் மாட்டினார்கள். 2007ல் கார்லைல் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் மேனர்கேர் என்ற நர்ஸிங் ஹோம் கம்பெனியை 630 கோடி டாலருக்கு வாங்கியது. 2011ல் கட்டடங்களை மட்டும் 610 கோடிக்கு வேறொரு கம்பெனியிடம் விற்றது. நேற்றுவரை சொந்தமாயிருந்த கூரைக்கு வாடகை கட்டிக் கட்டியே மேனர்கேர் 2018ல் திவால். அமெரிக்காவில் பல இல்லங்களின் வாடகையும் நிர்வாகக் கட்டணமும் முதலாளியின் இன்னொரு கம்பெனிக்கே போவது சர்வ சாதாரணம். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் நர்ஸிங் ஹோம் பரம ஏழை. அதுல் குப்தாவும் கூட்டாளிகளும் 2021ல் வெளியிட்ட ஆய்வில், பிரைவேட் ஈக்விட்டி கைக்குப் போன இல்லங்களில் குறுகிய காலம் தங்க வந்த முதியவர்களின் சாவு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. நர்ஸுகள் குறைந்தார்கள். மனநோய் மருந்து மட்டும் 50 சதவீதம் கூடியது. ராத்திரி கத்தினால் என்ன செய்வது என்ற பட்டரின் கேள்விக்கு அங்கே நிஜமாகவே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மச்சினன் சமாச்சாரத்தை உத்திரமேரூர் சபை அந்த ஆதுலசாலைக்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பே மோப்பம் பிடித்திருந்தது. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுக்கச் சுவரில் வெட்டிவைத்த விதியைப் பாருங்கள். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் எழுதிய ஓலை குடத்துக்குள் போகக்கூடாது. அவனோடு போச்சா? சின்னம்மா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், சித்தப்பா, கூடப் பிறந்தவன், மாமனார், மச்சினன், அக்காள் புருஷன், மருமகன், அப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பந்தியையே எழுப்பிவிட்டிருக்கிறார்கள்.

நம் முதலீட்டாளர் அந்தச் சுவரை விரல் வைத்து மேலிருந்து கீழே வாசிக்கிறார். மச்சினன் வந்த இடத்தில் முகம் சுண்டுகிறது. கடைசி வரிவரை போய், மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை பார்க்கிறார்.

"பட்டரே, இதுல பெண்டாட்டி பேர் இல்லையே! எடும் அந்த ஓலையை."